டிபி 2 என்றால் பாஸா, பெயிலா?



சில மாதங்களுக்கு முன் சொக்சோ விஷயமாக ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கணவருக்குத் தொழிற்சாலையில் கையில் அடிபட்டிருந்தது. பாரங்களை நிரப்பிக் கையொப்பம் வாங்கி முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"லாயர் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இது பாஸா பெயிலா? மவன்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேங்குறான். ஸ்கூல்ல போய்க் கேட்கலாம்னா எனக்கு மலாய் அவ்வளவா வராது."

படிவம் 2-இல் படிக்கும் அவர் மகனின் மதிப்பீட்டுத் தாள் அது. அறிவியல் பாடத்துக்கு நேராக டிபி 2 என்று இருந்தது. சட்டம் படித்த எனக்கே அதன் முழு அர்த்தம் உடனே பிடிபடவில்லை. தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று அந்த அம்மாவிடம் சொன்னதை இன்று உங்களிடமும் சொல்கிறேன். (அவர்கள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வக்கீல் புத்தி!)

நம் காலத்தில் கணக்கு எளிது. எல்சிஇ, எஸ்ஆர்பி, பிறகு பிஎம்ஆர். படிவம் 3 முடிவில் ஒரு தேர்வு, ஒரு முடிவு. 2013-இல் பிஎம்ஆர் முடிந்து 2014-இல் பிடி3 வந்தது. 2020-இலும் 2021-இலும் கோவிட் காரணமாக அது நடக்கவில்லை. 2022-இல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டில் நம் பிள்ளைகள் எழுதிய யுபிஎஸ்ஆரும் 2021-இல் போய்விட்டது. அரசாங்கம் தேர்வுகளின் பெயரை இன்னும் எத்தனை முறை மாற்றினாலும் ஒன்று நிலைத்துவிட்டது. அதுதான் பிபிடி எனும் வகுப்பறை மதிப்பீடு. ஆண்டு முழுவதும் பிள்ளை செய்யும் வேலைகளை, அதாவது பயிற்சி, ஆய்வு, அறிக்கை, புரோஜெக்ட், வாய்வழிப் பதில் எல்லாவற்றையும் ஆசிரியர் பார்த்து 1 முதல் 6 வரை ஒரு நிலை போடுகிறார். அந்த நிலையைத்தான் டிபி என்கிறார்கள்.

அறிவியலில் டிபி 1 என்றால் பிள்ளைக்குப் பாடம் ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். டிபி 2 என்றால் புரிந்திருக்கிறது. டிபி 3 என்றால் புரிந்ததை வைத்துச் சிறு வேலையைச் செய்ய முடிகிறது. 4 என்றால் பகுத்துப் பார்க்கிறான். 5 என்றால் சரியா தவறா என்று எடைபோடுகிறான். 6 என்றால் புதிதாக ஒன்றைத் தானே வடிவமைக்கிறான். குறைந்தபட்சம் எட்ட வேண்டிய நிலை 3. ஆக, அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில்: பெயில் என்று எந்தத் தாளிலும் எழுத மாட்டார்கள். ஆனால் பையன் எட்ட வேண்டிய கோட்டுக்குக் கீழே இருக்கிறான்.

தேர்வுகள் போனதற்காக நான் அழவில்லை. பிள்ளைகளின் கழுத்தை நெரித்த தேர்வுகள் அவை. ஆனால் பிஎம்ஆர் தாளில் ஒரு நல்லது இருந்தது. விடைத்தாளைத் திருத்தியவருக்கு உங்கள் பிள்ளையின் முகம் தெரியாது. எந்த வரிசையில் உட்காருகிறான், யாரோடு சுற்றுகிறான், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று தெரியாது. பிடி3 வந்தபோதே திருத்தும் வேலை பள்ளிக்குள் வந்துவிட்டது. இப்போது ஆண்டு முழுவதும் நிலை போடுபவர், பிள்ளையைத் தினமும் பார்க்கிறவர். அவர் நல்லவராக இருந்தால் இதைவிடச் சிறந்த முறை கிடையாது. "இவனுக்கு இது போதும்" என்று ஒரு முறை மனத்தில் முடிவு செய்துவிட்டால், அந்த முடிவை மாற்ற வெளியிலிருந்து எந்தத் தாளும் வராது.

அந்தப் பையனை அடுத்த முறை அழைத்து வரச் சொன்னேன். வந்தான். அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, லேப்ல கடைசியா என்ன செஞ்சீங்க?"

"எங்க கிளாஸ் லேப்புக்குப் போறதில்ல அண்ணே. சத்தம் போடுவோம்னு டீச்சர் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. ஒர்க்ஷீட் மட்டும் குடுப்பாங்க."

அவன் வகுப்பு அந்தப் படிவத்தின் கடைசி வகுப்பு. எந்த இனப் பிள்ளைகள் அதில் அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோர்களே, இந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசியுங்கள். நிலை 4, 5, 6-ஐ எட்ட வேண்டுமென்றால் பிள்ளைக்கு அந்த நிலைக்குரிய வேலை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆய்வு செய்யாதவன் ஆய்வை எப்படி எடைபோடுவான்? காலி இடத்தை நிரப்பும் பயிற்சித்தாளை மட்டும் கொடுத்துவிட்டு, இவன் 2-ஐத் தாண்டவில்லை என்று எழுதுவது, பந்தையே கொடுக்காமல் கோல் அடிக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

ஆசிரியர்களை மொத்தமாகத் திட்டுவது என் நோக்கமல்ல. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வரை, உடைந்த சோதனைக் குழாய்கள், முடியாத பாரங்கள், கணினியில் ஏற்ற வேண்டிய தகவல்கள் என்று அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் லேப் என்பது நல்ல பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மிட்டாய் அல்ல. அது பாடத்திட்டம். படிவம் 1-இன் முதல் அத்தியாயமே அறிவியல் ஆய்வு முறையும் ஆய்வுக்கூடமும்தான்.

சரி, பையனுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா என்று பார்க்க நினைத்தேன். படிவம் 2-இல் அமிலம், காரம் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. மலாயில் கேட்டேன். தலை குனிந்தான். தமிழில் கேட்டேன். "அமிலம் புளிக்கும் அண்ணே, நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்கும், காரம் சிவப்பு லிட்மஸைத் திருப்பி நீலமாக்கும்" என்று கடகடவென்று சொன்னான். தமிழ்ப்பள்ளியில் படித்தது! அப்படியானால் அவனிடம் இல்லாதது அறிவியலா, மலாய்ச் சொல்லா?

நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆறாம் ஆண்டோடு பாதை முடிகிறது. அதற்கு மேல் தமிழில் அறிவியல் கற்பிக்கும் அரசாங்க இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. 'கருதுகோள்' என்று படித்தவன் திடீரென்று 'ஹிப்போதெசிஸ்' என்று எழுத வேண்டும். 'உற்றறிதல்' என்பது 'பெமெர்ஹாதியான்' ஆகிறது. 'தற்சார்பு மாறி', 'சார்பு மாறி' என்று மனப்பாடம் செய்தவன் முன்னால் 'பெம்போலே ஊபா டிமானிபுலாசிகான்', 'பெம்போலே ஊபா பெர்கெராக் பாலாஸ்' என்று இரண்டு மலைகள். 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கச் சொன்னார்கள். 2009 ஜூலையில் கைவிடுவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டுகளில் படித்த பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கு நடுவே ஆடிய ஊஞ்சலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே வேண்டாம்.

நான் சொல்ல வருவது இதுதான். படிவம் 1-இல் நம் பிள்ளை எழுதும் வெறுந்தாளை ஆசிரியர் 'தெரியவில்லை' என்று படிக்கிறார். 'சொல் தெரியவில்லை' என்று படிக்க வேண்டிய தாள் அது. முதல் ஆறு மாதத்தில் அந்த வேறுபாட்டை யாரும் கண்டுகொள்ளவில்லையென்றால், பிறகு பையனே தன்னை மக்கு என்று நம்பத் தொடங்கிவிடுகிறான்.

எதிர்பார்ப்பு என்பது காற்றில் பேசும் சொல் அல்ல. அமெரிக்காவில் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் 1968-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் ஓர் ஆரம்பப்பள்ளியில் சில பிள்ளைகளின் பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, "இந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு நன்றாக மலர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். ஆண்டு முடிவில் சோதித்தபோது, குறிப்பாகக் கீழ் வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். அந்த முடிவு மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் வாதாடினார்கள், வாதாடட்டும். ஆசிரியர் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார், யார் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது பிள்ளைக்கு வித்தியாசம் செய்யும் என்பதை நம்ப எனக்கு ஆய்வு தேவையில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

1995-இல் நான் பிஎம்ஆர் எழுதினேன். என் பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பன் அறிவியலில் என்னைவிடக் கெட்டிக்காரன். பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு மறுபடி பாட வைப்பான். அறிவியலில் அவனுக்கு ஏ, எனக்கு பி. 1996-இல் படிவம் 4 தொடங்கிய அன்று பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் எங்கள் இருவர் பெயரும் கலைப் பிரிவில் இருந்தன. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவன் போய்க் கேட்டான். "சயன்ஸ் கிளாஸ் கஷ்டம், டியூஷன் வேண்டும், உன் அப்பாவால் முடியுமா?" என்று ஓர் ஆசிரியர் திருப்பிக் கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார் என்று இன்றும் நம்புகிறேன். அதுதான் கொடுமை. அவன் அப்பா லோரி அட்டெண்டன். "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். என் அப்பாவும் அதையேதான் சொன்னார்.

நான் சட்டத்துக்குப் போனேன், குறையில்லை. நண்பன் இன்று ஏர்கோன் சர்வீஸ் செய்கிறான். நேர்மையான தொழில், கைநிறையச் சம்பாதிக்கிறான். ஆனால் அவன் வீட்டுக்குப் போனால் இன்னமும் மேசைமேல் ஏதாவது ஒரு சர்க்யூட் போர்டு பிரித்துக் கிடக்கும். அந்த நாற்பத்தைந்து வயதுக்காரன் கண்ணைப் பார்த்து நான் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்போது நம் பெற்றோரில் ஒருவராவது பள்ளிக்குப் போய், "ஏ எடுத்த பிள்ளையை ஏன் போடவில்லை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்?

இன்று அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பெயர்கள் 2020-இலிருந்து இல்லை. பாடத் தொகுப்புகள் என்கிறார்கள். பெயர் மாறியதே தவிர கதவு அதே கதவுதான். எந்தத் தொகுப்பில் யார் என்று பார்க்கும்போது பள்ளி புரட்டுவது படிவம் 3 வரையிலான பதிவைத்தான். இயற்பியலும் வேதியியலும் கூடுதல் கணிதமும் எடுக்காதவனுக்கு மருத்துவம், மருந்தியல், பொறியியல் பக்கம் போகும் நேர்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

ஒவ்வோர் ஆண்டும் எஸ்பிஎம் முடிவு வந்ததும் மெட்ரிகுலேஷன் இடங்களுக்காக நாம் குரல் கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். 90க்கு 10 என்ற ஒதுக்கீட்டில் நம் பிள்ளைகள் நசுங்குவது உண்மை. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்றார்கள். 2018-இல் 2,200 என்றார்கள். 2024-இல் 10ஏ எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். நானும் அறிக்கை விட்டவன்தான், மேடையில் பேசியவன்தான். ஆனால் கணக்கியல் பிரிவை விட்டுப் பார்த்தால், அந்த இடங்களுக்கு மனுப் போடவே தூய அறிவியல் பாடங்கள் வேண்டும். டிபி 2-இல் நின்றுவிட்ட பையன் அந்த வரிசையிலேயே இல்லை. அவனுக்காக யாரும் அறிக்கை விடுவதில்லை. அவன் வெளியேறியது யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது.

இனி வீட்டுக்கு வருவோம். "எனக்குச் சயன்ஸ் தெரியாதே, நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது?" என்று கேட்பீர்கள். தெரியும். உங்கள் அடுப்படிக்கே தெரியும்.

வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்திய மஞ்சள் கறை, துணிக்குப் போடும் சவர்க்காரக் கட்டி பட்டதும் ஏன் சிவந்து போகிறது? ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் ஏன் இரத்தச் சிவப்பாகிறது? மஞ்சள் ஒரு காட்டி. காரம் பட்டால் நிறம் மாறும். சவர்க்காரமும் சுண்ணாம்பும் காரம். அன்று என் அலுவலகப் பேன்ட்ரியிலேயே அந்தப் பையனோடு இதைச் செய்தோம். நான்கு கிளாஸ்களில் ஒரே அளவு மஞ்சள் தண்ணீர். ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் வினிகர், ஒன்றில் வெறும் தண்ணீர். சவர்க்காரம் விட்டது மட்டும் சிவந்தது. அதிலேயே எலுமிச்சையைப் பிழியப் பிழிய, மறுபடி மஞ்சளாகிவிட்டது! கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டான் பையன்.

"எதை மாத்தினோம்?" "ஊத்துன தண்ணிய." அதுதான் டிமானிபுலாசிகான். "எது மாறிச்சு?" "கலரு." அது பெர்கெராக் பாலாஸ். "எதை மாத்தாம வச்சோம்?" "மஞ்சத் தண்ணி அளவு, கிளாஸு." அது டிமாலார்கான். மூன்று மலைகளும் மூன்று நிமிடத்தில் தாண்டப்பட்டன.

பிறகு நான் எதிர்பாராத கேள்வி ஒன்று கேட்டான். "அண்ணே, எலுமிச்சையும் மஞ்சளாத்தான் இருக்கு, வெறும் தண்ணியும் மஞ்சளாத்தான் இருக்கு. அப்போ மஞ்சள வச்சு அமிலத்தக் கண்டுபிடிக்க முடியாதுல்ல?"

உண்மைதான். மஞ்சள் காரத்தைக் காட்டிக் கொடுக்கும்; அமிலத்தையும் தண்ணீரையும் பிரித்துக் காட்டாது. ஒரு சோதனைப் பொருளின் குறையைத் தானே கண்டுபிடித்துச் சொல்வது எந்த நிலை? எடைபோடும் நிலை. பக்கத்து வீட்டு வேலியில் இருந்த செம்பருத்தியைப் பறித்துச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பார் என்று அனுப்பினேன். அந்தச் சாறு அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். நாட்டின் தேசிய மலர் வேறு! இதே பையனைத்தான் ஒரு தாள் டிபி 2 என்றது.

ஆகவே, தயவுசெய்து பள்ளிக்குப் போங்கள். சண்டைக்கு அல்ல, கேட்பதற்கு. ஓவர்டைம் போகிறது, ஒரு நாள் சம்பளம் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை போனாலும் போதும், ஆனால் படிவம் 1-லேயே போங்கள், 3 முடிந்த பிறகு அல்ல. மலாய் வராது என்றால் வரத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், அல்லது எழுதிக் கொண்டு போங்கள். என் பிள்ளைக்கு ஏன் இந்த நிலை? எந்த வேலையைப் பார்த்துப் போட்டீர்கள்? அடுத்த நிலைக்கு அவன் என்ன செய்து காட்ட வேண்டும்? இந்த ஆண்டு எத்தனை முறை லேப்புக்குப் போனான்? இவ்வளவுதான் கேள்வி. நிலைக்குரிய விளக்கம் பாடத்திட்ட ஆவணத்திலேயே அச்சாகி இருக்கிறது. அது ஆசிரியரின் இரகசியம் அல்ல. பதில் திருப்தியாக இல்லையென்றால் அறிவியல் பாடக் குழுத் தலைவரிடம் கேளுங்கள், பிறகு பள்ளி முதல்வருக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம் இருக்கிறது. கடிதத்தில் தேதி போடுங்கள். ஒரு நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது, அதை நீதிமன்றத்தில் தினமும் பார்க்கிறேன்.

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, அரசாங்கக் கல்வி நிலையத்தின் நிர்வாகத்தில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குடிமகனுக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் முதல் கடிதத்திலேயே அதைத் தூக்கி வீசாதீர்கள். லேப் கதவைத் திறக்க வைப்பது பல நேரங்களில் பணிவான ஒரு கேள்விதான். சட்டத்தைப் பையில் வைத்திருங்கள்.

இன்னொன்று. நம் வீட்டிலும் ஒரு குற்றவாளி உண்டு. "நம்மளுக்கு எதுக்குடா சயன்ஸு, சீக்கிரம் லைசென்ஸ் எடுத்து வேலைக்குப் போ" என்று பிள்ளை காதுபடச் சொல்கிறவர் நம் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருக்கிறார். புரோஜெக்டுக்கு அட்டையும் பசையும் வாங்க ஐந்து வெள்ளி கேட்டால் முகம் சுளிக்கிறோம். அவன் கேட்டது ஐந்து வெள்ளி இல்லை.

அந்த அம்மா கடிதம் கொடுத்தார். நான்தான் மலாயில் எழுதிக் கொடுத்தேன், கையொப்பம் அவருடையது. இரண்டு வாரம் பதில் இல்லை. மூன்றாவது வாரம் ஆசிரியரே தொலைபேசியில் அழைத்திருக்கிறார். "உங்கள் மகன் செம்பருத்தியைப் பற்றி வகுப்பில் பேசினான், எனக்கு ஆச்சரியமாக இருந்தது" என்றாராம். வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்து மாறி மாறி லேப்புக்கு அழைத்துப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். பையனுக்கு அடுத்த தாள் இன்னும் வரவில்லை. வந்ததும் கொண்டு வருகிறேன் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். சொக்சோ பணம்தான் இன்னும் வந்தபாடில்லை.